ஏக்தாரா வாங்கப் போனால் பாடிப் பார்த்து வாங்குங்கள்

நரம்பும் தோலும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தம்பூராவைப் பற்றி எழுதும்போது, "ஒற்றைத் தந்தி ஏக்தாராவும் சுருதிக்கு நல்ல துணை" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பதினோரு கடிதங்கள் வந்திருக்கின்றன. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் முப்பத்தைந்து வருடம் மிருதங்கம், தபேலா, வீணை என்று பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன் நான். அத்தனை வருடத்தில் ஏக்தாராவுக்காகக் கடைப் படி ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது இத்தனை பேர் கேட்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதனால் இந்த மாதம் முழுக்க ஒற்றைத் தந்திதான்.

எங்கள் பஜனைக் குழுவில் பன்னிரண்டு பேர். ஹார்மோனியம் வாசித்த அண்ணன் மகனோடு ஜோகூருக்குப் போய்விட்டார். ஒரு ஏக்தாரா வாங்கலாம் என்று பேசி முடிவெடுத்தோம். இணையத்தில் பார்த்தால் 45 வெள்ளிக்கும் இருக்கிறது, 380 வெள்ளிக்கும் இருக்கிறது. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எதை வாங்குவது?
- வாசகி, ஜெலுத்தோங்

விலைக்கு வருவதற்கு முன் ஒன்று கேட்கிறேன், அம்மா. உங்கள் குழுவில் முன்பாட்டு யார்? அவர் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுகிறார்? இது தெரியாமல் ஏக்தாரா வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போலத்தான். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டைக்கு வேண்டுமானாலும் விரலை நகர்த்திக்கொள்ளலாம். ஏக்தாராவில் இருப்பது ஒரு தந்தி. அது உங்கள் ஷட்ஜத்தில், அதாவது அடிப்படை ஸ-வில், நிற்கவேண்டும், நின்ற இடத்தில் நிலைக்கவேண்டும். வேறு எந்த வேலையும் அதற்குக் கிடையாது.

ஏக்தாரா என்ற ஒரே பேரில் இரண்டு சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று, சுரைக்குடுக்கையிலோ மரக்குடத்திலோ ஒரு மூங்கில் தண்டைச் செருகி, குடத்தின் வாயில் தோல் கட்டி, தோல்மேல் குதிரை என்கிற ஒரு சின்னத் தாங்குகட்டை வைத்து, அதன்மேல் தந்தி ஓடுகிற மாதிரி இருக்கும். மீராபாய் படத்தில் கையில் பிடித்திருப்பது இந்த ஜாதி. இன்னொன்று கவட்டை போல இரண்டு மூங்கில் கால் உள்ளது. பாவுல் என்கிற வங்காளத்து நாடோடிப் பக்திப் பாடகர்கள் வைத்திருப்பது அது. பஜனைக்கு உங்களுக்கு வேண்டியது முதல் வகை. கவட்டை வகையைப் பற்றி அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

கடையில் கையில் எடுத்ததும் குடத்தின் பூவேலைப்பாட்டைப் பார்க்காதீர்கள். தோலைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆட்டுத் தோலில் மயிர்க்கால் புள்ளிகள் தெரியும், ஓரிடம் கொஞ்சம் மங்கலாகவும் ஓரிடம் தெளிவாகவும் இருக்கும். எங்கும் ஒரே வழவழப்பாக, கண்ணாடித்தாள் மாதிரி இருந்தால் அது பிளாஸ்டிக். ஒரு முறை ஒரு தம்பதி கொண்டுவந்தார்கள், கோயில் விழாக் கடை ஒன்றில் வாங்கியதாம். தோல் என்று சொல்லி விற்றது புத்தக அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் தாள். தந்தியைக் கொஞ்சம் முறுக்கியதும் குதிரை அதில் குழியாக அமுங்கிவிட்டது. அந்த அம்மா ஒரு வாரமாகத் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார். விற்றவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அப்புறம் பிருடை, தந்தியை முறுக்கி ஏற்றி இறக்கும் முளை. ஏக்தாராவில் பெரும்பாலும் மரப் பிருடைதான். அதை வெளியே உருவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தண்டின் துளைக்குள் உட்காரும் பகுதியில் சுற்றிலும் ஒரே மாதிரி பளபளப்பு இருந்தால் நன்றாகப் பொருந்தி உட்காருகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது நழுவும். பாட்டு நடுவில் நழுவும்.

இப்போது முக்கியமான சோதனை. முன்பாட்டு பாடுகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். கைப்பேசியில் சுருதிப் பெட்டிச் செயலியை அவருடைய கட்டையில் வைத்து, தந்தியை அதற்குச் சேர்க்கச் சொல்லுங்கள். பெண்கள் சாதாரணமாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவீர்கள். சேர்த்த பிறகு செயலியை நிறுத்திவிட்டு, தந்தியை மீட்டிக்கொண்டே அவர் இரண்டு வரி பாடட்டும். கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்படவேண்டாம். பாடி முடித்து இரண்டு நிமிடம் கழித்து மறுபடி செயலியைப் போட்டுப் பாருங்கள். தந்தி இறங்கியிருந்தால் ஒரு தடவை ஏற்றுங்கள், புதுத் தந்தி கொஞ்சம் நீளத்தான் செய்யும். மூன்றாம் தடவையும் இறங்கினால் கீழே வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

இணையத்தில்தான் வாங்கவேண்டுமென்றால் விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: பின்னணி இசை இல்லாமல் தந்தியை மட்டும் மீட்டும் ஒரு காணொளி, தோலின் அருகிலிருந்து எடுத்த படம், குதிரையிலிருந்து பிருடை வரை தந்தியின் நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்ற கணக்கு. இந்த மூன்றையும் அனுப்ப மறுப்பவரிடம் 45 வெள்ளியும் அதிகம்தான்.

நீளம் ஏன் கேட்கிறேன் என்றால், 60 சென்டிமீட்டர் நீளத்தில் 0.012 அங்குலக் கிட்டார் கம்பியைப் போட்டு, மந்தர (கீழ் ஸ்தாயி) ஐந்து கட்டையில் நிறுத்தினால் இழுவை ஏறக்குறைய 3 கிலோ. நல்ல தோல் தாங்கும். அதே கம்பியை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோகப் பார்த்தால் இழுவை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 12 கிலோவுக்குமேல் போய்விடும். தோல் கிழியும், இல்லை பிருடை சுழலும். ஆகவே மேல் ஸ்தாயி வேண்டுமென்றால் குட்டையான ஏக்தாராவோ மெல்லிய கம்பியோதான் வழி.

ஒன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பேர் கைத்தாளம் தட்டிப் பாடும்போது ஏக்தாரா சத்தம் பின்வரிசைக்குக் கேட்காது. அது முன்பாட்டுக்காரரின் காதுக்கு. குழு முழுவதற்கும் சுருதிப் பெட்டியும் இருக்கட்டும். ஆனால் தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ஏறும்போது மின்சாரம் தேடவேண்டாம் பாருங்கள், அங்கே தெரியும் ஏக்தாராவின் அருமை.

அடுத்த மாதம் கல்கத்தா போகிறேன். பாவுல் பாடகர்கள் வைத்திருக்கும் ஏக்தாரா ஒன்று வாங்கிவர ஆசை. ஒரே கம்பியில் அவர்கள் எப்படி ஸ்வரத்தை ஏற்றி இறக்குகிறார்கள்? வாங்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்? விமானத்தில் கொண்டுவர விடுவார்களா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

தம்பி, நீங்கள் கேட்பதற்குக் கோபியந்திரம் என்று பெயர். கோபிசந்த் என்றும் சொல்வார்கள், அரசைத் துறந்து யோகியான மன்னன் பெயர் அது. கீழே ஒரு குடம். குடத்தின் அடியில் தோல். தோலின் நடுவில் ஒரு துளை போட்டு, தந்தியை அதன் வழியே விட்டு, அடியில் ஒரு சின்ன வில்லையில் முடிந்திருப்பார்கள். தந்தி குடத்துக்குள் நேரே மேலே போய், இரண்டு மூங்கில் கால்களும் சேரும் உச்சியில் பிருடையில் முடியும். கால்களை விரலால் உள்பக்கம் அழுத்தினால் உச்சி ஒரு இம்மி கீழே வரும். தந்தி தளரும், ஸ்வரம் இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு ஏறும். பாவுல் பாட்டில் 'டுங்...ங்' என்று வழுக்கிக்கொண்டு போகும் ஓசை இதுதான். பாவுல் பாடல்களை யுனெஸ்கோ 2005இல் மானுடத்தின் மரபுச்செல்வமாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வங்காளதேசத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். சரோங்கில் சுற்றி ஒரு கோபியந்திரம். ஊர் குஷ்டியா என்றார். பாவுல் பாடல்களின் பெருங்கவி லாலன் ஃபகீர் 1890இல் மறைந்தது அங்கேதான், சமாதியும் அங்கேதான். தோல் நடுவில் கிழிந்து தந்தி தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குள் பொது மொழி மலாய்தான். மிருதங்கத்துக்கு வைத்திருந்த தடித்த தோல் ஒன்று இருந்தது. இனி ஜென்மத்துக்கும் கிழியாது என்று அதைப் போட்டு, இரண்டு நாள் காயவைத்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் காதோரம் வைத்துக்கொண்டு மீட்டினார். உதடு அசைவதுகூடத் தெரியாத அளவுக்கு மெல்லப் பாடினார். நிறுத்தினார். மறுபடி மீட்டினார். பிறகு, "சுவாரா தாக் மாசோக்" என்றார். குரல் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என் கையை எடுத்துத் தோலின்மேல் வைத்துவிட்டு, குடத்தின் வாய்ப் பக்கமாக முகத்தைக் கொண்டுபோய்ப் பாடினார். தோல் அசையவே இல்லை. கஞ்சிராவுக்குப் போடுவது போல மெல்லிய ஆட்டுக்குட்டித் தோல் ஒன்றை எடுத்து மறுபடி கட்டினேன். அடுத்த ஞாயிறு வந்து அதே போலப் பாடினார். இந்தத் தடவை அவர் குரலுக்கு என் உள்ளங்கை கூசியது. தந்தியைத் தொடாமலே அதுவும் கூடவே முனகியது. பாடுகிறவனைக் கூட்டிக்கொண்டு வா என்று அன்றிலிருந்துதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆகவே கல்கத்தாவில் கடைக்குள் நுழைந்ததும் நீங்கள் பாடுங்கள், தம்பி. குடத்தின் வாயருகே உங்கள் ஸ்வரத்தைப் பிடியுங்கள். விரல் தோலில் இருக்கட்டும். உங்கள் குரலுக்குப் பதில் சொல்கிற குடம் எது என்று விரலே சொல்லிவிடும். அப்புறம் குடத்தைக் கவிழ்த்து, தோலின் நடுத்துளையைப் பாருங்கள். துளையைச் சுற்றி ஒரு சின்னத் தோல்வட்டம் ஒட்டியோ தைத்தோ இருந்தால் செய்தவர் வாசிக்கிறவர்களுக்காகச் செய்திருக்கிறார். வெறும் துளையில் முடிச்சு மட்டும் இருந்தால் அலமாரிக்குச் செய்தது, ஆறு மாதத்தில் கம்பி தோலை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

மூங்கில் கால் இரண்டும் ஒரே கனமா என்று விரலால் தடவிப் பாருங்கள். உச்சியில் கணு முழுதாக இருக்கவேண்டும், அதில் கீறல் இருந்தால் வேண்டாம். கால்களைப் பத்துத் தடவை அழுத்தி விடுங்கள். பத்தாவது தடவையும் ஸ்வரம் கிளம்பிய இடத்துக்கே திரும்பவேண்டும். காலைக் குடத்தோடு ஆணி அடித்துப் பொருத்தியிருந்தால் யோசியுங்கள். பினாங்கின் கடல்காற்றுக்கு இரும்பாணி துருப்பிடித்து மூங்கிலைப் பிளக்கும். திருகாணியோ கயிற்றுக் கட்டோ நல்லது.

உடும்புத் தோல் போட்டது என்று யாராவது பெருமையாகக் காட்டினால் தொடவேண்டாம். உடும்பு இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, நாடுவிட்டு நாடு கொண்டுபோக அனைத்துலகத் தடையும் இருக்கிறது. ஆட்டுத் தோலும் சுரைக்குடுக்கையும் விலங்கு, தாவரப் பொருள்கள். விமான நிலையத்தில் அவற்றைச் சோதிக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். கிளம்புமுன் அவர்களிடம் அனுமதி பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இறங்கியதும் மறைக்காமல் அறிவியுங்கள். மரக்குடமாக வாங்கினால் பெட்டியில் உடையும் பயமும் குறைவு. தந்தியைத் தளர்த்தி, குடத்துக்குள் துணியை அடைத்து, கையிலேயே எடுத்துவாருங்கள்.

பங்ரா பாட்டில் கீச்சென்று கேட்கும் ஒற்றைக் கம்பி வாத்தியம் ஏக்தாராதானே? என் பஞ்சாபி நண்பன் இல்லை என்கிறான்.
- வாசகர், கிள்ளான்

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. அது தும்பி. சின்ன மரக்குடம், அதன்மேல் இறுக்கமான தோல், நீண்ட குச்சி, ஒரு இரும்புக் கம்பி. ஆள்காட்டி விரலை முன்னும் பின்னும் படபடவென்று சுண்டி வாசிப்பார்கள். மற்றக் கை விரல்கள் குச்சியோடு கம்பியை அழுத்தி நாலைந்து ஸ்வரம் எடுக்கும். ஏக்தாரா சுருதிக்கு, தும்பி மெட்டுக்கு. பஞ்சாபில் இதைப் பிரபலமாக்கியவர் பாடகர் லால் சந்த் யம்லா ஜட், 1991இல் காலமானார். வாங்குவதானால் நண்பரோடு போங்கள். குச்சி வளையாமல் நேராக இருக்கிறதா, அழுத்தும் இடத்தில் கம்பி குச்சிக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி உயரமாக நின்றால் ஒரு வாரத்தில் விரல் கொப்பளித்து மூலையில் போட்டுவிடுவீர்கள்.

ஒற்றை நரம்புக் கருவிகள் எல்லாம் வடக்கத்தி சமாச்சாரம்தானா? பள்ளியில் பிள்ளைகள் கேட்டால் நம்முடையது என்று காட்ட ஏதாவது உண்டா?
- ஆசிரியை, சுங்கை பட்டாணி

நிறைய உண்டு, டீச்சர். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வில், ஒரே நாண், வீசுகோலால் தட்டுவது, பக்கத்தில் குடம். தென்பாண்டிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் கோயில் கொடையில் இரவு முழுக்க ஓடும். பக்கத்துக் கேரளத்தில் புள்ளுவர்களிடம் புள்ளுவன் குடம் இருக்கிறது. மண்பானையின் அடியில் தோல் கட்டி, அதிலிருந்து ஒரு நரம்பை இழுத்துக் கட்டி மீட்டி நாகர் பாட்டுப் பாடுவார்கள். கோபியந்திரத்துக்கு அண்ணன் தம்பி போலத்தான் எனக்குத் தெரிகிறது. மராட்டியத்தில் துன்துனே என்று ஒன்று, பொவாடா என்கிற வீரக்கதைப் பாட்டு பாடுகிறவருக்குப் பின்னால் நின்று மீட்டுவது.

நம் பழம்பாட்டிலும் ஒரு காட்சி இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு ஆயன் முதலில் தானே செய்த குழலை ஊதுவான். அது சலித்ததும், உள்ளே துளையான குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து விரலால் மீட்டுவான். மாடு மேய்க்கும் இடத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்த வாத்தியம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு, ஒரு வளைந்த குச்சியும் மீன்பிடி நரம்பும் கையில் கொடுங்கள். குச்சியின் ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு மீட்டச் சொல்லுங்கள். தங்கள் மண்டைக்குள் கேட்கும் ஓசையை வகுப்பில் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

மழைக்காலத்தில் ஏக்தாராவின் தோல் தொய்ந்து போகிறது. முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

வேண்டாம். ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் அங்கே மட்டும் சுருங்கி ஓரத்தில் விட்டுவிடும். காலை வெயிலில் பத்து நிமிடம் குடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள், போதும். வாசித்து முடித்ததும் பிருடையை அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். காருக்குள் விட்டுப் போகாதீர்கள். கொம்தார் பக்கம் வெயிலில் நிறுத்திய காரில் மதியம் முழுக்க ஒன்றை விட்டுப்போய், திரும்பி வரும்போது தோல் இரண்டாகப் பிளந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். அது ஒரு பெரியவர் என்னை நம்பிப் பழுதுபார்க்கக் கொடுத்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மகளுக்கு எட்டு வயது. வாங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாமா?
- வாசகர், பிறை

தாராளமாக. ஒரு பழைய மைலோ டின் எடுங்கள். மூடிப் பக்கம் திறந்திருக்கட்டும், விளிம்பில் துணிநாடா ஒட்டுங்கள், பிள்ளையின் கை கிழியாது. டின்னின் தகர அடியே தோலின் வேலையைச் செய்யும். அதன் நடுவில் சின்ன ஆணியால் ஒரு துளை. கைப்பெருவிரல் கனத்துக்குக் காய்ந்த மூங்கில், முக்கால் மீட்டர் நீளம். மேலே ஒரு கணுவும் அதற்குமேல் நாலு விரல் அளவும் முழுதாக விட்டு, கீழே இரண்டு பக்கமும் பட்டையாக நிற்கும்படி நடுவைச் சீவி எடுத்துவிடுங்கள். கத்தி வேலை உங்களுடையது, பிள்ளையுடையது இல்லை. இரண்டு காலையும் டின்னின் வெளிப்புறம் திருகாணியால் பொருத்துங்கள்.

கிட்டார் கடையில் குண்டு முனை உள்ள 0.010 கம்பி ஒன்று தனியாகக் கிடைக்கும். குண்டு முனைக்கு மேலே ஒரு சட்டைப் பொத்தானைக் கோத்து, டின்னின் அடியிலிருந்து துளை வழியே உள்ளே விட்டு மேலே இழுங்கள். பொத்தான் தகரத்தில் பதிந்து நிற்கும். உச்சியில் கணுவுக்கு மேலே துளை போட்டு, மரக்குச்சியைக் கூராக்கிப் பிருடையாகச் செருகுங்கள். அளவாக முறுக்குங்கள், தகரம் உப்ப ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

மகள் எந்த ஸ்வரத்தில் சும்மா முனகிக்கொண்டு விளையாடுகிறாளோ, அதைக் கவனித்துத் தந்தியை அங்கே நிறுத்திக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்தும் அவள் அதை எடுத்து மீட்டுகிறாள் என்றால் எனக்கு எழுதுங்கள். தோல் கட்டிய நல்லது ஒன்றைத் தேர்ந்தெடுக்க, கடைக்கு நானே உங்களோடு வருகிறேன். அவளையும் கூட்டிவாருங்கள்.